சரளை நிலத்தில் பழத்தோட்டம்: விடுதிக்கு முன் வண்டல்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தரிசாகக் கிடக்கும் கிராவல் என்ற சரளை நிலங்களைப் பழத்தோட்டமாக்கி, சுற்றுலா வருபவர்களை அங்கே அழைக்கலாம் என்ற பேச்சு இப்போது பரவலாகக் கேட்கிறது. புதுக்கோட்டை, சிவகங்கை மாவட்டங்களுக்கு இது பொருத்தமான யோசனைதான். சித்தன்னவாசலும் நார்த்தாமலையும் குடுமியான்மலையும் பார்க்க ஆள் வருகிறது. செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்கக் கானாடுகாத்தான் வரை வருகிறார்கள். தஞ்சாவூர் சாலையில் ஆதனக்கோட்டை வந்தால் வண்டியை ஓரங்கட்டி வறுத்த முந்திரி வாங்குகிறார்கள். ஆள் வரத்துக்குக் குறைவில்லை. குறை, வேலையைத் தொடங்கும் வரிசையில் இருக்கிறது. முதலில் குடில் கட்டுகிறார்கள், அடுத்து புல்தரை போடுகிறார்கள், பிறகு பத்தடி உயர மரங்களை லாரியில் கொண்டுவந்து இறக்குகிறார்கள். மண்ணைப் பற்றிய யோசனை, இரண்டாவது கோடையில் மரம் காயும்போதுதான் வருகிறது. இந்த வரிசையை அப்படியே தலைகீழாக்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சரளை என்று பொதுவாகச் சொன்னாலும் எல்லாம் ஒன்றல்ல. புதுக்கோட்டைப் பக்கம் அதிகம் இருப்பது இரும்புச்சத்து உருண்டைகள் நிறைந்த செஞ்சரளை. இது பெரும்பாலும் புளிப்புத் தன்மை உள்ளது. போடுகிற மணிச்சத்தை (பாஸ்பரஸ்) இறுகப் பிடித்துக்கொண்டு வேருக்கு விடாது. இன்னொன்று சுக்கான் சரளை. வெளிறிய கற்கள், சுண்ணாம்பு அதிகம், காரத் தன்மைப் பக்கம் சாய்ந்தது. கழிவறை கழுவும் ஆசிட் இரண்டு சொட்டு விட்டால் நுரைத்துப் பொங்கும். அப்படிப் பொங்கினால் அது சுக்கான். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது, ஆனால் எந்த மரம் நடுவது என்பதையே அது மாற்றிவிடும். சுக்கானில் முந்திரி வைக்கக் கூடாது. எலுமிச்சையும் மாவும் நரம்பு மட்டும் பச்சையாக இருக்க இலை முழுதும் மஞ்சளாகி நிற்கும். இரும்புச்சத்துக் குறைபாடு என்று மருந்து தெளித்துத் தெளித்துக் கை ஓய்ந்துவிடும். அங்கே நெல்லி, இலந்தை, விளா ஆகியவை தாக்குப்பிடிக்கும். மண் பரிசோதனையை வம்பன் வேளாண் அறிவியல் நிலையத்திலோ மாவட்ட மண் ஆய்வுக்கூடத்திலோ செய்துகொள்ளலாம். மேல் ஓரடி, அடுத்த இரண்டடி என்று இரண்டு மாதிரிகளைத் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். மேல்மண்ணை மட்டும் கொடுத்தால் மரத்துக்குப் பயன்படும் விடை கிடைக்காது.

அடுத்து, அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஓரடி அகலம், இரண்டடி ஆழத்தில் குழி வெட்டி நிறையத் தண்ணீர் ஊற்றி வடிய விடுங்கள். மறுபடி நிரப்பி நேரம் பாருங்கள். மணிக்குப் பத்து சென்டிமீட்டருக்கு மேல் இறங்கினால் வடிகால் பிரச்சினை இல்லை, தண்ணீர் தங்காது என்பதுதான் பிரச்சினை. மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் கீழே கெட்டிப்பட்ட அடுக்கு இருக்கிறது. அதை உடைக்காமல் எந்தப் பழமரமும் நடக் கூடாது.

குவாரி போட்டு மண் எடுத்து முடித்த இடம் இன்னும் கடினம். மேல்மண் போய்விட்டது, டிப்பரும் ஜேசிபியும் ஓடி ஓடித் தரை இறுகிக் கிடக்கிறது. அங்கே முதல் ஆண்டில் பழமரம் வேண்டாம். தரை நன்றாகக் காய்ந்திருக்கும்போது டிராக்டரில் ஆழ்கலப்பை பூட்டி நெடுக்கும் குறுக்கும் இரண்டடி ஆழத்துக்குக் கிழிக்க வேண்டும். ஈரத்தில் கிழித்தால் கலப்பை போன கோடு மட்டும் திறக்கும், பக்கம் வெடிக்காது. செங்குத்தாக நிற்கும் குவாரி ஓரங்களை ஒரு மீட்டர் உயரத்துக்கு இரண்டு மீட்டர் சரிவாகச் சீவிவிட வேண்டும். அந்த ஓரங்கள் மழையில் சரிந்து விழும் என்பது ஒன்று, கீழே தேங்கும் தண்ணீரில் பிள்ளைகள் இறங்கும் ஆபத்து மற்றொன்று.

பிறகு ஆவணி, புரட்டாசி மழைக்கு பசுந்தாள் உரச் செடியான கொழுஞ்சியை ஏக்கருக்கு 8 கிலோ விதைக்கலாம். கொழுஞ்சி விதைத்தோல் கடினமானது. கரடுமுரடான மணலோடு சேர்த்து நன்றாகத் தேய்த்து விதைக்காவிட்டால் பாதி முளைக்காது. ஆடு மாடு அதை விரும்பிக் கடிப்பதில்லை என்பதால் வேலி போடாத நிலத்துக்கும் சரிப்படும். கூடவே கொள்ளு. பூக்கும்போது மடக்கி உழுதுவிட வேண்டும்; காய் பிடிக்கட்டும், நாலு படி கொள்ளு கிடைக்குமே என்று விட்டால் தழைச்சத்து விதைக்குப் போய்விடும்.

வெறும் கல்லில் மண் உண்டாக்குவதற்குக் கென்யாவின் மொம்பாசா நகரில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. சிமெண்ட் ஆலை ஒன்று சுண்ணாம்புக்கல் வெட்டி எடுத்த குவாரியில் 1971-இல் ரெனே ஹாலர் என்பவர் மரம் நட ஆரம்பித்தார். நிலைத்து நின்றது நம் ஊர்க்காரர்களுக்கு நன்கு தெரிந்த சவுக்கு. ஆனால் உதிர்ந்த சவுக்கு மிலாறு (ஊசித்தழை) மக்காமல் குவிந்தது. மரவட்டைகளைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அது மட்கி மண்ணாகத் தொடங்கியது. இன்று அது ஹாலர் பூங்கா என்று பயணிகள் காசு கொடுத்துப் பார்க்கும் இடம். நம் பக்கத்தில் ஆரோவில் செம்மண் மேட்டையும் சொல்லலாம். 1968-இல் அங்கே வந்தவர்கள் கண்டது மழைநீர் அரித்துப் பள்ளம் பள்ளமாகக் கிடந்த பொட்டல். மரங்களுக்குத் துணையாக வரப்பு போட்டு மழைநீரை நிறுத்திய பிறகே காடு பிடித்தது.

குழி விஷயத்துக்கு வருகிறேன். பெரும்பாலான தோல்வி இங்கேதான். நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒரு மீட்டர். ஜேசிபியால் வெட்டும்போது பக்கெட்டின் பற்கள் உரசி, குழிச் சுவர் வழவழவென்று இறுகிவிடும். வேர் அந்தச் சுவரைத் துளைக்காமல் உள்ளேயே வட்டமடிக்கும். எனவே ஆள் இறங்கி நான்கு மூலைகளிலும் கடப்பாரையால் குத்திப் பிளந்துவிட வேண்டும். கோடையில் வெட்டி இரண்டு மாதம் வெயிலில் ஆறப் போடுவது நல்லது.

நிரப்புவதில் இரண்டு தவறுகள் வழக்கமாக நடக்கின்றன. ஒன்று, வடிகாலுக்கு என்று சொல்லி அடியில் அரையடி ஜல்லி போடுவது. நுண்மண்ணிலிருந்து தண்ணீர் அவ்வளவு சுலபமாக ஜல்லிக்குள் இறங்காது. ஜல்லிக்கு மேலேயே தங்கி வேரை அழுக வைக்கும். மற்றொன்று, குழி முழுவதையும் நல்ல வண்டலால் நிரப்புவது. சுற்றிலும் சரளை, நடுவில் களி என்றால் ஐப்பசி அடைமழையில் அந்தக் குழி அடியில் ஓட்டையில்லாத பானைதான். கோடையில் அதே களி சுருங்கி, சுவரை விட்டு இரண்டு விரல் இடைவெளி விடும். ஊற்றுகிற தண்ணீர் எல்லாம் அந்த இடைவெளி வழியே ஓடிப்போகும்.

சரியான கலவை இது: பாதி வண்டல், பாதி அந்தக் குழியிலிருந்தே எடுத்துச் சலித்த மண். இருபது மில்லிமீட்டர் வலையில் சலித்தால் போதும். ஒரு குழிக்கு நன்கு மட்கிய தொழுஉரம் 20 கிலோ, வேப்பம் பிண்ணாக்கு 1 கிலோ, வேருக்குச் சத்தை எடுத்துக் கொடுக்கும் வேர் உட்பூசணம் (வேம்) 50 கிராம். செஞ்சரளையானால் ராக் பாஸ்பேட் 1 கிலோ. சுக்கானில் அது கரையாது, அங்கே சூப்பர் பாஸ்பேட் போட வேண்டும். நிரப்பிய மண் முதல் மழையிலேயே படிந்துவிடும் என்பதால் தரைக்கு மேல் முக்கால் அடி குவித்து நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் ஒட்டுக் கட்டிய இடம் மண்ணுக்குள் போய்விடும்.

வண்டல் எங்கிருந்து வரும்? கண்மாய், குளங்களில் உள்ள வண்டலை விவசாயத்துக்குக் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள அரசு அனுமதிக்கிறது. புன்செய் நிலத்துக்கு ஏக்கருக்கு 90 கன மீட்டர், நன்செய்க்கு 75 கன மீட்டர். டிராக்டர் ஒன்றுக்கு 3 கன மீட்டர் என்று வைத்தால் புன்செய்க்கு 30 நடை. ஐந்துக்கு ஐந்து மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 160 குழி வரும். குழிக்கு அரை கன மீட்டர் வீதம் 80 கன மீட்டர் வண்டல் போதும். மீதி 10 கன மீட்டர் பூச்செடிப் பாத்திகளுக்கு. அரசு அனுமதிக்கும் அளவும் தேவையும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. ஈரவண்டலை இறக்கி அப்படியே காயவிட்டால் செங்கல் கட்டிகளாகிவிடும், எதனோடும் கலக்காது. சித்திரையில் கொட்டிப் பரப்பி, கோடைமழை ஒன்று நனைத்து உதிர்ந்த பிறகு கலக்க வேண்டும். கோரைக் கிழங்கு இருக்கிறதா என்று ஒரு கூடை வண்டலைத் தனியே நனைத்து வைத்து இரண்டு வாரம் பார்த்துக்கொள்வதும் நல்லது. கோரை உள்ளே வந்துவிட்டால் பிறகு தோட்டம் இருக்கும்வரை களையெடுப்புதான்.

160 குழிகளிலிருந்து வெளியேறும் பருங்கல் சுமார் 80 கன மீட்டர் இருக்குமே, அதை என்ன செய்வது என்று கேட்பார்கள். இரண்டு மீட்டர் அகலம், பத்து சென்டிமீட்டர் கனம் என்றால் 400 மீட்டர் நடைபாதை போட அது போதும். சிமெண்ட் வேண்டாம். பரப்பி, நனைத்து, உருளை ஓட்டினால் செஞ்சரளை தானே கெட்டிப்படும். பாதையின் நடுவை இரண்டு அங்குலம் உயர்த்தி, மழைநீர் மரவரிசைப் பக்கம் வடியும்படி விட வேண்டும். கல்லை மட்டும் மூலையில் குவித்து வைத்துவிடாதீர்கள். சரளைக்காட்டில் கற்குவியல் என்றால் சுருட்டை விரியன் குடிவந்துவிடும்; இரவில் தங்கும் விருந்தினர் செருப்பில்லாமல் நடப்பார்கள்.

தண்ணீர். ஏக்கரில் பத்து மில்லிமீட்டர் மழை பெய்தால் 40,000 லிட்டர். செஞ்சரளையின் மேல்தோல் இறுகியிருப்பதால் அதில் பெரும்பங்கு ஓடிவிடும். கொத்தனார் பயன்படுத்தும் டியூப் மட்டத்தை வைத்தே சமமட்டக் கோடு போட்டு, சரிவுக்குக் குறுக்கே இரண்டடி அகலம், ஒன்றரையடி ஆழத்தில் விட்டுவிட்டுக் குழிகள் எடுக்கலாம். நீளமாக ஒரே வாய்க்காலாக வெட்டினால், ஓரிடத்தில் உடைந்தாலும் மொத்த நீரும் அந்த வழியே அரித்துக்கொண்டு போகும்.

பண்ணைக்குட்டை சரளையில் தண்ணீர் பிடிக்காது. தார்பாய் விரித்தாக வேண்டும். 500 மைக்ரான் ஷீட் விரிப்பவர்கள் நேராகச் சரளை மேலேயே விரித்து, தண்ணீரின் பாரத்தில் கல் குத்திக் கிழிந்த பிறகு ஷீட் தரமில்லை என்கிறார்கள். அடியில் சலித்த வண்டல் நாலு அங்குலம் பூசி மட்டப்படுத்திய பிறகே ஷீட். ஷீட்டின் ஓரத்தைக் கரையில் இரண்டடி ஆழ வாய்க்கால் வெட்டிப் புதைக்க வேண்டும். மேலே 20-க்கு 20 மீட்டர், 3 மீட்டர் ஆழம், ஒன்றுக்கு ஒன்றரைச் சரிவு என்றால் சுமார் 7.4 லட்சம் லிட்டர் கொள்ளும். ஆனால் கோடையில் நாளுக்கு 7 மில்லிமீட்டர் ஆவியானால் நிறைந்த குட்டையிலிருந்து தினமும் 2,800 லிட்டர் வெயில் குடிக்கும். 160 இளமரங்களுக்கு ஆளுக்கு 15 லிட்டர் கொடுத்தாலும் 2,400 தான். மரத்தைவிட வெயில் அதிகம் குடிக்கிறது. ஆகவே குட்டையை அகலமாக வெட்டாமல் ஆழமாக வெட்டுவதும், மேலே நிழல்வலை கட்டுவதும் வீண்செலவல்ல.

ஷீட் போட்ட குட்டையில் தவறி விழுந்தவர், நீந்தத் தெரிந்தவராக இருந்தாலும் ஏறிவர முடியாது. பாசி படிந்த ஷீட்டில் கை பிடிக்காது, கால் வழுக்கும். சுற்றி ஐந்தடிக் கம்பிவேலி, பூட்டிய கதவு, நான்கு பக்கமும் கரையில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கும் முடிச்சுக் கயிறு, ஒரு பழைய லாரி டியூப். இவை இல்லாத பண்ணைக்குக் குழந்தைகளோடு யாரையும் அழைக்கக் கூடாது.

சொட்டுநீர் அமைப்புக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் உண்டு. ஆனால் கம்பெனி ஆட்கள் வழக்கமாகப் பொருத்துவது மரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு சொட்டுவான். களிமண்ணில் சொட்டுகிற நீர் பக்கவாட்டில் பரவும். சரளையில் நேராகக் கீழே இறங்கிவிடும். அடிமரத்தில் ஒரு சாண் அகலம் மட்டும் நனைந்து, மற்ற வேரெல்லாம் காய்ந்து கிடக்கும். மணிக்கு 4 லிட்டர் சொட்டுவான் நான்கை வளையமாக, தண்டிலிருந்து ஒன்றரையடி தள்ளிப் போடக் கேளுங்கள். ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் விடுவதைவிடக் காலை அரைமணி, மாலை அரைமணி விடுவது மேல். ஐந்து சென்ட் புல்தரைக்குக் கோடையில் தினமும் ஆயிரம் லிட்டர் வேண்டும். அது அறுபத்தைந்து இளமரங்களுக்கான தண்ணீர். புகைப்படத்துக்கு அழகாக இருக்கும் என்பதைத் தவிர அந்தப் புல்தரைக்கு வேறு வேலை எனக்குத் தெரியவில்லை.

மரத் தேர்வைச் சுருக்கமாகச் சொல்கிறேன். செஞ்சரளைக்கு முந்திரி, சீத்தா, நெல்லி, நாவல், கொய்யா. கெட்டி அடுக்கு உடைபட்டு ஆழம் கிடைத்த இடத்தில் மட்டும் மா. முந்திரிக்கு விருத்தாசலத்து வி.ஆர்.ஐ. 3, சீத்தாவுக்கு அருப்புக்கோட்டையின் ஏ.பி.கே. 1 நம்பகமான ரகங்கள். நெல்லியை ஒரே ரகமாக நட்டால் காய்ப்பு குறையும், என்.ஏ. 7, கிருஷ்ணா, காஞ்சன் என்று கலந்து நட வேண்டும். ஒட்டுக் கன்றுகளை அரசு தோட்டக்கலைப் பண்ணையிலேயே வாங்கலாம். பையில் வருடக்கணக்கில் நின்ற பெரிய மரத்துக்கு வேர் உள்ளேயே சுருண்டிருக்கும். அது நாலு வருடம் கழித்து ஒரு காற்றில் சாயும். 2018 நவம்பர் 16 கஜா புயலை மறக்காதவர்கள் இந்த மாவட்டத்தில் மரத்தைப் பற்றி யோசிக்கும்போது வேரைப் பற்றித்தான் முதலில் யோசிப்பார்கள். கன்றை இரண்டடி உயரத்தில் நுனி கிள்ளிவிட்டால் கிளை தாழ்வாகப் பிரியும். காற்றுக்கும் தாங்கும், குழந்தைகள் கைக்கும் பழம் எட்டும்.

மரத்தடி மண்ணை இலைதழையால் மூடும் மூடாக்கு நாலு அங்குலம் அவசியம், ஆனால் தண்டைத் தொடாமல் ஒரு சாண் விட்டுப் போட வேண்டும். செம்மண் மேட்டில் கறையான் இல்லாத இடமில்லை. மூடாக்கு வழியாகத் தண்டுக்கு ஏறிவிடும். முதல் இரண்டு கோடைக்குத் தண்டில் சுண்ணாம்பு பூசினால் மேற்கு வெயிலில் பட்டை வெடிக்காது.

வருகிறவர்களுக்கு ஆண்டு முழுவதும் ஏதாவது பறிக்கக் கிடைக்க வேண்டும். பங்குனி, சித்திரையில் முந்திரிப் பழம், அடுத்து நுங்கும் மாவும், ஆனி, ஆடியில் நாவல், ஆவணி முதல் சீத்தா, மார்கழி, தையில் நெல்லியும் இலந்தையும். மரம் காய்க்காத முதல் மூன்று ஆண்டுகளுக்கு வரிசைகளின் நடுவே வம்பன் உளுந்து போடலாம். வண்டல் பாத்தியில் மல்லிகையும் செண்டுமல்லியும் வைத்தால் கீரமங்கலம் பூச்சந்தை பக்கத்திலேயே இருக்கிறது.

பறிக்க விடுவதிலும் முறை இருக்கிறது. சீத்தாவில் கண்கள் அகன்று, கண்ணுக்குக் கண் நடுவிலுள்ள பள்ளம் வெளிர்மஞ்சளாக மாறிய காயை மட்டும் காம்போடு கத்தரிக்க வேண்டும். வீட்டுக்குப் போய் மூன்று நாலு நாளில் பழுக்கும். பச்சைப் பள்ளமுள்ள காயைப் பறித்தால் கறுத்துக் கல்லாகுமே தவிரப் பழுக்காது. முந்திரிப் பழத்தைக் கையில் கொடுக்கலாம், கொட்டையைத் திருகி எடுத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஓட்டிலுள்ள பால் பட்டால் குழந்தையின் உதடு வெந்து போகும். மருந்து தெளித்த பகுதிக்கு, டப்பாவில் போட்டிருக்கும் காத்திருப்பு நாள் முடியும்வரை சிவப்புக் கயிறு கட்டி ஆளை விடக் கூடாது. நாற்பது பேர் ஒரே மரத்தடியில் நின்றால் நாம் பாடுபட்டு இளக்கிய மண் மறுபடி இறுகும். கிளை விரிவுக்கு வெளியே கல்வரிசை வைத்து, எட்டுப் பத்துப் பேராக அனுப்ப வேண்டும். கழிவறைத் தொட்டிக்கும் கிணற்றுக்கும் 15 மீட்டர் இடைவெளி என்பது சாதாரண மண்ணுக்கு. சரளையில் நீர் வடிகட்டப்படாமல் விரைந்து ஓடும்; தூரத்தை இரட்டிப்பாக்கி, தொட்டியின் அடியையும் பூசிவிட வேண்டும்.

அரசு செய்ய வேண்டியவை மூன்று. கிராவல் குவாரிக்கு அனுமதி தரும்போதே மேல் ஓரடி மண்ணைத் தனியே குவித்து வைத்து, வேலை முடிந்ததும் திரும்பப் பரப்ப வேண்டும் என்று நிபந்தனை விதித்து, அதைத் தரையில் வந்து சரிபார்க்க வேண்டும். கெட்டிப் பாறைக்கு மேல் ஒரு மீட்டராவது சரளை மிச்சம் வைக்கச் சொல்ல வேண்டும். அதற்குக் கீழும் தோண்டிவிட்டால் அங்கே மரத்துக்கு இடமில்லை, மீன் குட்டைக்குத்தான் இடம். மகாராஷ்டிரம் 2020-லேயே வேளாண் சுற்றுலாவுக்குத் தனிக் கொள்கை வகுத்தது; இங்கும் நாலு அறை உள்ள பண்ணைக்கு நட்சத்திர விடுதிக்குரிய அலைச்சல் இல்லாமல் ஒரே இடத்தில் உரிமம் கிடைக்க வழி செய்ய வேண்டும்.

நிலம் வைத்திருப்பவர்கள் இந்த ஆண்டே தொடங்க நினைத்தால், பட்டா, அடங்கல் நகலோடு வட்டாட்சியர் அலுவலகத்தில் வண்டலுக்கு மனுக் கொடுப்பது முதல் வேலை. 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி வழங்குகிறார். கண்மாய் வற்றிக் கிடக்கும் சித்திரை, வைகாசியில் எடுத்தால்தான் உண்டு. தண்ணீர் வந்துவிட்டால் அடுத்த கோடைவரை காத்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தோட்டக்கலைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற வாசகர்,
புதுக்கோட்டை.